ஞானம் கிடைக்கவில்லை

நான் எழுதிய நிரல்களில் ஒன்றே ஒன்றைப் பற்றித்தான் கடலூரில் நாலு பேர் பேசியிருக்கிறார்கள். நாலு பேரும் சிரித்துக்கொண்டே பேசியதால் அதைப் புகழ்க் கணக்கில் சேர்க்க மனம் வரவில்லை. ஆனாலும் ஒரு மாட்யூலைப் பற்றி டீக்கடையில் பேச்சு நடப்பது எல்லாருக்கும் வாய்க்கிற பேறா என்ன? என் வகுப்புத் தோழர்கள் பெங்களூரிலும் டாலஸிலும் உட்கார்ந்து பெரிய பெரிய நிரல்களாக எழுதிக் குவிக்கிறார்கள். அவற்றைப் பற்றி அவர்கள் வீட்டிலேயே யாரும் பேசுவதில்லை.

மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனை. டாக்டருக்குக் கைராசி, கூட்டம் வாசற்படி வரை நிற்கும். பழைய சீட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். சீட்டு போடுகிற அக்கா பெயரைக் கேட்டு, பழைய பதிவைத் தேடி எடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் வந்த பிறகு பெயர்கள் எல்லாம் ஆங்கிலத்தில் ஏறியிருந்தன. ஏற்றியவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படி. சண்முகத்துக்கு எஸ்ஸுக்குப் பிறகு ஓர் எச் உண்டா, நடுவில் ஜி-யா கே-யா, அந்த ஜி-க்குப் பின்னாலும் ஓர் எச் உண்டா என்பதெல்லாம் அன்றைய கூட்டத்தையும் கரண்ட்டையும் பொறுத்தது. அதே சண்முகம் ஆதாரில் ஒரு விதமாக இருப்பார், ரேஷன் கார்டில் வேறு விதமாக இருப்பார், வங்கிப் பாஸ்புக்கில் இரண்டிலும் சேராமல் இருப்பார். “தம்பி, நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே, இதுக்கு ஒரு வழி பண்ணக் கூடாதா?” என்று டாக்டர் கேட்டார்.

எனக்கு வழி தெரிந்திருந்தது என்பதுதான் கோளாறு.

அந்த வழிக்கு சவுண்டெக்ஸ் என்று பெயர். பிட்ஸ்பர்க் நகரத்து ராபர்ட் ரஸ்ஸல் 1918இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். மார்கரெட் ஓடெல் என்பவரின் பெயரையும் அவரோடு சேர்த்துச் சொல்வார்கள். கம்ப்யூட்டர் பிறக்காத காலம் அது. அட்டைகளை இழுப்பறைகளில் அடுக்கும் குமாஸ்தாக்களுக்காகச் செய்த ஏற்பாடு. ஸ்மித் என்று எழுதுகிறவரும் ஸ்மைத் என்று எழுதுகிறவரும் ஒரே இழுப்பறையில் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். 1935இல் அங்கே சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஓய்வூதியம் வேண்டுமானால் வயதை நிரூபிக்க வேண்டும், ஆனால் பிறப்புச் சான்றிதழ் பலரிடம் இல்லை. பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளைத்தான் புரட்ட வேண்டியிருந்தது. 1880ஆம் வருடத்து ஏட்டில் பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருந்த வீடுகளை மட்டும் பொறுக்கி, சவுண்டெக்ஸ் குறியீட்டின்படி அட்டை எழுதி அடுக்கினார்கள். வேலையில்லாதவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த வேலைகளில் இதுவும் ஒன்று. பிறகு டொனால்டு நூத் தன் புகழ்பெற்ற நிரலாக்க நூலின் மூன்றாம் தொகுதியில், 1973இல், இதை விளக்கினார். ஆரக்கிள், மைசீக்வல் போன்ற தரவுத்தளங்களில் இன்றைக்கு அது ஒரே சொல்லில் அழைக்கிற தயார்ச் சரக்கு.

விதிகளும் எளிமை. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள். மற்றவற்றில் உயிரெழுத்துகளையும் எச், டபிள்யூ, ஒய் ஆகியவற்றையும் கழித்துக் கட்டு. பி, எஃப், பி, வி வந்தால் 1. (பி இரண்டு தடவை வருவது அச்சுப்பிழை இல்லை. ஆங்கிலத்தில் அவை இரண்டு எழுத்து, தமிழில் எழுதினால் ஒன்று. இந்தக் கதையில் பாதி அதுதான்.) சி, ஜி, ஜே, கே, க்யூ, எஸ், எக்ஸ், இசட் வந்தால் 2. இரண்டு விதமான டி-க்கும் 3. எல்லுக்கு 4, எம், என் இரண்டுக்கும் 5, ஆருக்கு 6. இடையில் உயிரெழுத்து இல்லாமல் ஒரே எண் ஒட்டி வந்தால் ஒன்றை விட்டுவிடு. மூன்று எண் சேர்ந்ததும் நிறுத்து, போதாவிட்டால் பூஜ்யம் போட்டு நிரப்பு. ஆக எந்தப் பெயரானாலும் ஓர் எழுத்து, மூன்று எண்.

முதலில் சோதித்த பெயர் நடராஜன். சிதம்பரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு வேறு எதைச் சோதிப்பது? நடுவில் எந்த டி போட்டாலும், ஜன் என்றாலும் சன் என்றாலும், யாழ்ப்பாணத்துக்காரர்கள் போல நடராஜா என்று முடித்து எச் சேர்த்தாலும், எல்லாம் என்-362 என்று ஒரே இடத்தில் வந்து விழுந்தன. சண்முகம் எத்தனை எச்சுடன் வந்தாலும் எஸ்-525. சபாபதி எப்படி வந்தாலும் எஸ்-113. நான் எழுந்து நின்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். அறையில் யாரும் இல்லை.

மறுநாள் காலை மருத்துவமனையில் சிவகாமி என்று ஒரு பாட்டியம்மா வந்தார். அக்கா பெயரைத் தட்டினார். திரையில் சிவகாமிகள் வந்தார்கள். கூடவே சிவகுமார்கள், சிவஞானம், சிவசங்கரன், சிவசங்கரி, சிவச்சந்திரன் என்று ஒரு சைவப் பேரணி இறங்கியது. எல்லாரும் எஸ்-125. நம் பெயர்களில் ‘சிவ’வுக்குப் பிறகுதான் ஆளே வருகிறார். மூன்றாவது எண்ணோடு கதவைச் சாத்துகிற சவுண்டெக்ஸுக்கு, ஆள் வந்து சேர்வதற்குள் இடம் தீர்ந்துவிடுகிறது. ‘திரு’வில் தொடங்குகிறவர்கள் கதியும் ‘முத்து’வில் தொடங்குகிறவர்கள் கதியும் இதுதான். முத்துசாமி எம்-325, முத்துக்குமாரும் எம்-325. அமெரிக்காவின் நான்காவது ஜனாதிபதி ஜேம்ஸ் மேடிசனுக்கும் அதுவே. முருகனும் மார்கனும் மோரிசனும் எம்-625இல் கூடினார்கள். முருகேசனும் மரியசூசையும் எம்-622. சமய நல்லிணக்கத்துக்கு யாராவது விருது கொடுப்பதாக இருந்தால் என் மாட்யூலைப் பரிசீலிக்கலாம்.

பாட்டியம்மாவின் பெயருக்கு நேரே சிவகுமார் ஒருவரின் சர்க்கரை ரிப்போர்ட் போய்ச் சேர்ந்தது. டாக்டர் சீட்டைப் பார்த்து, “வயசு முப்பத்தெட்டுன்னு போட்டிருக்கே?” என்று கேட்க, பாட்டியம்மா வெட்கத்தோடு சிரித்ததாக அக்கா சொன்னார். கெடுதல் ஒன்றும் ஆகவில்லை. அன்று மாலைக்குள் விஷயம் டீக்கடைக்குப் போய்விட்டது.

மூன்று எண் என்ற எல்லையைத் தூக்கிவிட்டேன். அடுத்ததாக முதலெழுத்து என் காலை வாரியது. முதலெழுத்து மாறினால் சவுண்டெக்ஸ் வாசலிலேயே மறித்துவிடும். கடலூரையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரர் எழுதிவைத்த சி போட்ட கடலூர் சி-346. நாம் உச்சரிக்கிறபடி கே போட்டு எழுதினால் கே-346. எண் மூன்றும் அச்சாக அதே, ஆனால் மாட்யூலுக்கு இரண்டும் இரண்டு ஊர். 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டதும், கேலியும் குழப்பமும் கிளம்பி ஒரு வாரம் பத்து நாளில் அதைத் திரும்பப் பெற்றதும் நினைவிருக்கும். அதில் கோயம்புத்தூருக்குக் கொடுத்த புது எழுத்துக்கூட்டைச் சவுண்டெக்ஸில் போட்டுப் பார்த்தேன். பழையது சி-513, புதியது கே-513. ஊரே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டது ஓர் எழுத்துக்குத்தான் என்று சவுண்டெக்ஸ் தீர்ப்புச் சொல்லியது. வேலூருக்கு அந்த வித்தியாசமும் இல்லை, பழசும் புதுசும் வி-460. ஆணை போடுவதற்கு முன்னால் யாராவது என்னைக் கேட்டிருக்கலாம்.

இதையெல்லாம் கண்டுபிடித்த தெம்பில் மருத்துவமனைக் கம்ப்யூட்டரில் என் பெயரைத் தேடினேன். நானும் அங்கே காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்டவன்தான். என் பெயர் ஞானத்தில் தொடங்கும். நான் எப்போதும் முன்னால் ஒரு ஜி போட்டுத்தான் எழுதுவேன். அக்கா ஊரில் கூப்பிடுகிறபடி என்-னில் ஏற்றியிருந்தார். ‘ஞானம் கிடைக்கவில்லை’ என்றது திரை. பின்னால் வரிசையில் நின்றவர் வாய்விட்டுப் படித்தார்.

இவ்வளவும் பொறுக்கலாம். ‘குடும்பப் பெயர்’ என்று நான் வைத்த கட்டம்தான் மன்னிக்க முடியாதது. சவுண்டெக்ஸ் குடும்பப் பெயருக்காகப் பிறந்தது, நம்மிடம் குடும்பப் பெயர் இல்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த இந்தச் செய்தியை நான் மாட்யூல் முழுவதையும் எழுதி முடித்த பிறகுதான் கவனித்தேன். கடைசியில் வரும் சொல்தான் குடும்பப் பெயர் என்று நிரலுக்குச் சொல்லியிருந்தேன். ‘கே. சிவகாமி’ என்று எழுதினால் சிவகாமி குடும்பப் பெயர் ஆனாள். ‘சிவகாமி கே’ என்று எழுதினால் கே குடும்பப் பெயர் ஆயிற்று. தனி எழுத்துக்கு சவுண்டெக்ஸ் தரும் குறியீடு கே-000. கந்தசாமி மகள், கோவிந்தன் மகன், கலியபெருமாள் மனைவி எல்லாரும் கே-000 என்ற ஒரே குடும்பம். கல்யாணமானால் அப்பா எழுத்துப் போய்ப் புருஷன் எழுத்து வரும்; ஒரே பெண்மணி கல்யாணத்துக்கு முன் ஒரு குடும்பம், பின் ஒரு குடும்பம். அப்பா பெயரை முழுதாகப் போட்டாலோ, ஒரே வீட்டில் தாத்தா, மகன், பேரன் மூவருக்கும் மூன்று ‘குடும்பப் பெயர்’.

இந்தக் கட்டத்தால் அடிபட்டவன் நான் மட்டும் இல்லை என்பது ஒரு சின்ன ஆறுதல். ஒற்றைப் பெயர்க்காரருக்கு அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. என்று அச்சடித்துக் கொடுப்பார்கள். முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்கள் சுற்றுலா விசாவில் உள்ளே வர முடியாது என்று அறிவித்தபோது, விமான நிலையங்களில் தவித்தவர்களில் நம்மவர்கள் உண்டு. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். கடைசியில் அரபு நாட்டு அதிகாரிகளே அப்பா பெயருக்கு இறங்கி வந்துவிட்டார்கள். கடலூரில் பிறந்து வளர்ந்த நான் இறங்கி வர அதைவிட அதிக நாள் ஆயிற்று.

அதற்குள் சீட்டு போடுகிற அக்கா என் மாட்யூலைத் தொடுவதையே நிறுத்தியிருந்தார். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு அவரிடம் நீளமான நோட்டுகள் இருந்தன, ஊருக்கு ஒரு நோட்டு, தமிழில். தேவனாம்பட்டினம், வண்டிப்பாளையம், நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடி என்று அட்டையில் எழுதியிருக்கும். அவற்றைப் பழசு என்று பரணில் ஏற்ற வைத்தவன் நான்தான். அவர் மறுபடி இறக்கிவிட்டார்.

“எந்த ஊரும்மா?”

“வண்டிப்பாளையம்.”

“யாரு வூட்டுப் புள்ள?”

“முறுக்குக் கடைக்காரர் வீடு.”

“பெரிய மருமவளா, சின்ன மருமவளா?”

பக்கம் புரண்டது, சீட்டுக் கிடைத்தது. இதில் பெயர் என்ற ஒன்று எங்கே வந்தது என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன். வரவே இல்லை. “பேரு அப்புறம் கேட்டுக்கலாம் தம்பி. அவங்களே மாத்தி மாத்திச் சொல்லுவாங்க. வீட்டுல ஒரு பேரு, ரேஷன் கார்டுல ஒரு பேரு. ஊரு மாறாது” என்றார் அக்கா.

அவர் சொன்னதற்கு எங்கள் ஊரிலேயே பெரிய சாட்சி உண்டு. மருள்நீக்கியார் என்று பெற்றோர் வைத்த பெயர். சமணத்தில் சேர்ந்தபோது தருமசேனர். சைவத்துக்குத் திரும்பியபோது திருநாவுக்கரசர். சம்பந்தர் வாயால் அப்பர். அவரைக் கல்லோடு கட்டிக் கடலில் போட்டபோது கரையேறிய இடம் என்று கடலூருக்குப் பக்கத்தில் கரையேறவிட்டகுப்பம் இன்றைக்கும் இருக்கிறது. இந்த நாலு பெயரும் ஒரே ஆள் என்று சொல்லும் ஒலிக் குறியீட்டை ரஸ்ஸல் மட்டுமில்லை, எவரும் எழுத முடியாது. ஓர் ஊருக்கே போர்ட்டோ நோவோ என்றும் பரங்கிப்பேட்டை என்றும் இரண்டு பெயர் வைத்திருக்கிற மாவட்டம் இது.

இங்கேயாவது நான் நிறுத்தியிருக்கலாம். சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் பழைய மாணவர் கூட்டத்துக்கு அழைப்பிதழ்ப் பட்டியல் தயாரிக்க வேண்டும் என்று ஒரு நண்பன் கூப்பிட்டான். ஒரே ஆளின் பெயர் நாலு பட்டியலில் நாலு விதமாக இருந்தது. எனக்குக் கை அரித்தது. இந்த முறை அமெரிக்கக் காதைக் கழற்றி வைத்துவிட்டுத் தமிழ்க் காதோடு புது மாட்யூல் எழுதினேன். ககரம் எப்படி ஒலித்தாலும் ஒன்று. தகர டகர வேறுபாடு இல்லை. சகரம், ஜகரம், ஷகரம் மூன்றும் ஓரினம். முதலெழுத்துக்கும் இதே விதி. ழகரத்துக்குத் தனி ஏற்பாடு. பழைய சவுண்டெக்ஸில் தமிழ்ச்செல்வன் ழகரத்துக்கு இசட் எச் போட்டு எழுதினால் டி-524, எல் போட்டு எழுதினால் டி-542 என்று எண்கள் இடம் மாறிக் குழப்பியதை மறக்கவில்லை. ழகரத்தைத் தூக்கி லகரத்தோடு சேர்த்தேன்.

வேலை முடிந்ததும், மேலவீதிப் பக்கம் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவரிடம் காட்டப் போனேன். பாராட்டு வாங்கத்தான் போனேன் என்பதை மறைப்பானேன். ஐயா திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார். ரஸ்ஸலின் எண்களைக் காகிதத்தில் எழுதிக் காட்டச் சொன்னார்.

“உதட்டெழுத்துக்கு 1, பல்லெழுத்துக்கு 3. பரவாயில்லையே, பிறப்பியல் படிச்சவன் மாதிரி பிரிச்சிருக்கானே” என்றார். தொல்காப்பியத்தில் எழுத்ததிகாரத்தின் மூன்றாவது இயல் அது. எந்த எழுத்து வாயில் எங்கே பிறக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகும். “சரி, முதலெழுத்த மட்டும் ஏன் தம்பி அப்படிக் கட்டிப்புடிச்சிக்கிட்டிருக்கான் உங்க ஆளு? நம்ம மோனையில சகரத்துக்குத் தகரம் வரும், மகரத்துக்கு வகரம் வரும், ஞகரத்துக்கு நகரம் வரும். செய்யுள் எழுதுறவன் அந்தக் காலத்துலயே விட்டுக்குடுத்தாச்சு.”

ஞகரத்துக்கு நகரம் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. மருத்துவமனைத் திரையில் நான் தொலைந்த இடம் அது. யாப்பிலக்கணம் படித்திருந்தால் நான் எனக்குக் கிடைத்திருப்பேன்.

ழகரத்தை லகரத்தோடு வைத்ததைச் சொன்னபோதுதான் ஐயா முகம் சுளித்தார். தொல்காப்பியர் ழகரத்தை ரகரத்தோடு சேர்த்துச் சொல்கிறார், லகரம் ளகரத்தோடு தனி ஜோடி. “நாக்க மடிச்சுச் சொல்லிப் பாரு.” சொல்லிப் பார்த்தேன், சரிதான். சோழமண்டலக் கரையைக் கோரமண்டல் என்று எழுதிய ஐரோப்பியனின் காது தொல்காப்பியர் பக்கம் இருந்திருக்கிறது. இன்றைக்கு ழகரத்தைத் தவறாகச் சொல்கிறவர்கள் லகரமாகவோ ளகரமாகவோதான் சொல்கிறார்கள் என்று மெல்ல வாதாடினேன். “பிழைக்கு இலக்கணம் எழுதுறியா?” என்றார். ஆமாம், அதுதான் ஐயா என் தொழில் என்று சொல்லத் தோன்றியது. காபி வந்துவிட்டதால் சொல்லவில்லை.

அவரை மகிழ்விக்க என்னிடம் ஒன்று இருந்தது. சிதம்பரம் என்ற பெயர் பழைய சவுண்டெக்ஸில் சி-351. சிற்றம்பலம் என்பதைப் பேச்சு வழக்கில் சொல்கிறபடி சிட்டம்பலம் என்று ஆங்கிலத்தில் எழுதினால் அதுவும் சி-351. சிற்றம்பலம்தான் சிதம்பரம் ஆயிற்று என்று அறிஞர்கள் பலர் சொல்வதை, தமிழே தெரியாத பிட்ஸ்பர்க்காரரின் சூத்திரம் ஒப்புக்கொள்கிறது. ஐயா ரசித்தார். உடனே, பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் இந்த ஊரைச் சில்லம்பரம் என்று எழுதினார்களே, அதற்கு என்ன வரும் என்று கேட்டார். சி-451 வந்தது. ஓர் எண் தள்ளிப்போய்விட்டது. “போதும், எடுத்து வை” என்றார்.

அன்றைக்கு ராத்திரி பட்டியலில் மாட்யூலை ஓட்டினேன். ஒரே குறியீடு வந்தால் ஒரே ஆள் என்று வைத்து, மீதியை அழிக்கச் சொல்லியிருந்தேன். பட்டியல் அழகாகச் சுருங்கியது. நண்பன் மகிழ்ந்தான், தபால் செலவு மிச்சம். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் அவனுக்கு போன்கள் வர ஆரம்பித்தன. ஜோதி, சத்யா, சீதா மூன்று பேரும் ஒரே விடுதி அறையில் இருந்தவர்கள். சகரமும் ஜகரமும் ஒன்று, யகரம் கணக்கில் இல்லை, உயிர் எல்லாம் கழிந்தது. மிஞ்சியது ஒரு சகரமும் ஒரு தகரமும். மூவரும் ஒருவராகி, சீதாவுக்கு மட்டும் அழைப்புப் போயிருந்தது. மற்ற இருவரும் இவ்வளவு வருடம் கழித்து சீதா ஏதோ உள்வேலை செய்துவிட்டாள் என்று நம்பினார்கள். குற்றவாளி நான்தான் என்று தனித்தனியாக மூவருக்கும் போன் செய்து சொல்ல வேண்டியிருந்தது. அமெரிக்கக் காது நம் பிழைகளை மன்னிக்க மறுத்தது. என் தமிழ்க் காது எல்லாவற்றையும் மன்னித்து ஆளையே விழுங்கிவிட்டது.

இதே மாதிரி எரிச்சலில் உருப்படியான காரியம் செய்தவர்களும் உண்டு. கிழக்கு ஐரோப்பிய யூதப் பெயர்களை சவுண்டெக்ஸ் குதறுகிறது என்று ராண்டி டாய்ச், கேரி மோகோடாஃப் இருவரும் 1985இல் தங்கள் பெயர்களுக்கென்றே ஒரு குறியீட்டு முறை செய்தார்கள். மாஸ்கோவிட்ஸ் என்ற பெயரை டபிள்யூ போட்டு எழுதினால் ஒரு குறியீடு, வி போட்டு எழுதினால் வேறு குறியீடு என்பது அவர்களுடைய தலைவலி. அவர்கள் குறியீட்டில் ஆறு எண், முதலெழுத்துக்குச் சலுகை கிடையாது. இந்திய எழுத்துகளுக்கு மலையாளத்துக் கணினி ஆர்வலர் சந்தோஷ் தோட்டிங்ஙல் ஒரு சவுண்டெக்ஸ் எழுதி, சில்பா என்ற திட்டத்தில் யாரும் எடுத்துக்கொள்ளும்படி கொடுத்திருக்கிறார். யூனிகோடில் இந்திய எழுத்து வரிசைகள் ஒன்றுக்கொன்று இணையாக அடுக்கப்பட்டிருப்பதால், தமிழில் எழுதிய பெயரையும் மலையாளத்தில் எழுதிய பெயரையும் அது நேரே ஒப்பிடும். இதைப் படித்த அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது: தமிழில் எழுதியிருந்தால் சிவகாமி சிவகாமிதான். ககரமா ஜி-யா என்ற வழக்கே எழாது. ல-ழ-ள, ர-ற, ந-ன-ண, கிரந்த எழுத்து, இந்த நாலைத்தான் கவனிக்க வேண்டியிருக்கும். அக்காவின் நோட்டு முதலிலேயே தமிழில்தான் இருந்தது. அதை ஆங்கிலமாக்கி, ஆங்கிலத்தால் வந்த குழப்பத்தைத் தீர்க்க மாட்யூல் எழுதியிருக்கிறேன்.

இப்போது மருத்துவமனைக் கம்ப்யூட்டரில் தமிழ்99 விசைப்பலகை ஓடுகிறது. முதல் கட்டம் ஊர். அடுத்தது வீட்டு அடையாளம். அதில் அக்கா என்ன வேண்டுமானாலும் எழுதலாம், எழுதுகிறார். மூன்றாவதுதான் பெயர். என் மாட்யூல் ஒரு மூலையில் இருக்கிறது. யாரையும் கண்டுபிடிக்க முடியாதபோது மட்டும், ‘இவராக இருக்கலாமோ’ என்று சிலரைக் காட்டும். அக்கா அதை அநேகமாகப் பார்ப்பதில்லை.

படிவம் தயாரிக்கிறவர்களுக்கு, முக்கியமாக என்னைப் போலப் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பி வருகிற தம்பி தங்கைகளுக்கு, ஒரு விண்ணப்பம். குடும்பப் பெயர் என்ற கட்டத்தை எடுத்துவிடுங்கள், குறைந்தது அதற்குச் சிவப்பு நட்சத்திரமாவது போடாதீர்கள். பெயரைத் தமிழில் வாங்குங்கள். அப்பா பெயருக்கோ அம்மா பெயருக்கோ தனியாக ஓர் இடம் கொடுங்கள். ஊரைக் கேளுங்கள். சவுண்டெக்ஸையும் வைத்துக்கொள்ளுங்கள், நல்ல சரக்குதான். யார் யாரெல்லாம் ஒரே ஆளாக இருக்கலாம் என்று அது சொல்லட்டும். அழிக்கிற பொத்தானை மட்டும் அதன் கையில் கொடுத்துவிடாதீர்கள்.